வானொலி விதைத்த வெறுப்பு

1994 ஏப்ரலில் ருவாண்டாவில் தொடங்கிய இனப்படுகொலையில், சுமார் 100 நாட்களில் ஏறத்தாழ 8 லட்சம் பேர் கொல்லப்பட்டனர். பெரும்பாலோர் துட்சி இனத்தவர்.

முந்தைய ஆண்டே அங்கு ஆர்.டி.எல்.எம். என்ற தனியார் வானொலி தொடங்கப்பட்டிருந்தது. பாடல்களுக்கும் நகைச்சுவைக்கும் இடையே துட்சிகளை அது 'கரப்பான்பூச்சிகள்' என்று திரும்பத் திரும்ப அழைத்தது. மனிதனைப் பூச்சியாகப் பார்க்கப் பழகிய மனதுக்கு அவனைக் கொல்வது குற்றமாகத் தெரிவதில்லை. படுகொலை நாட்களில் தேடப்பட்டவர்களின் பெயர்களும் அதில் வாசிக்கப்பட்டன.

2003 டிசம்பரில், அந்த வானொலியை நிறுவியவர்களில் இருவரும் ஒரு பத்திரிகை ஆசிரியரும் குற்றவாளிகள் என சர்வதேசத் தீர்ப்பாயம் அறிவித்தது. அவர்களின் ஆயுதம் சொல்தான்.

நம் வீட்டுத் தொலைக்காட்சியிலோ கைபேசியிலோ எந்தச் சமூகத்தையும் இழிபெயரால் அழைக்கும் பேச்சு வந்தால், அதைப் பிள்ளைகள் முன் சிரித்துக் கடக்க வேண்டாம். அது ஏன் தவறு என்று அப்போதே சொல்லிக் கொடுப்போம்.