சாண்டோவும் அரை அங்குலமும்

போன வாரம் பேரன் தையல் டேப்போடு வந்து நின்றான். ஜிம்மில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. "தாத்தா, கை 12 அங்குலத்திலேருந்து கால் அங்குலம்தான் ஏறியிருக்கு. ஊசி போட்டா சீக்கிரம் ஏறும்னு கூட வர்ற பையன் சொல்றான்" என்றான். எனக்குப் பகீரென்றது. திட்டினால் கேட்கிற வயதில்லை. உட்கார வைத்து சாண்டோ கதையைச் சொன்னேன்.

புதுச்சேரியில் நான் பிரெஞ்சு வழியில் படித்தபோது, தேகப்பயிற்சி முசே வருடத் தொடக்கத்திலும் முடிவிலும் எங்கள் புஜத்தை அளந்து நோட்டில் எழுதுவார். மூச்சைப் பிடித்து, கையை மடக்கிக் காட்டுவோம். "தளர்த்து" என்பார். தளர்த்தினால் அளவு இறங்கிவிடும். சாண்டோ பெயரை முதலில் கேட்டது அவரிடம்தான்.

யூஜன் சாண்டோ 1867இல் பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் நகரில் பிறந்தவர். மேடையில் உடல்வலிமை காட்டிப் பேர் வாங்கினார். 1904-05இல் இந்தியாவுக்கும் வந்து போனார். படத்தயாரிப்பாளர் சின்னப்பா தேவரின் பெயருக்கு முன்னால் இருந்த 'சாண்டோ' பட்டம் இவர் பெயர்தான்.

1901 செப்டம்பர் 14 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் அவர் ஒரு உடற்கட்டுப் போட்டி நடத்தினார். அவரோடு நடுவர்களாக இருந்தவர்கள் ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த கானன் டாயிலும், சிற்பி சார்லஸ் லாஸும். பெரிய தசைக்குப் பரிசு என்று வைக்கவில்லை. உடம்பு முழுக்க ஒரே சீரான வளர்ச்சி, தசையின் உறுதி, தோலின் நிலை, ஆரோக்கியம் இவற்றைத்தான் பார்த்தார்கள். முதல் பரிசு நாட்டிங்ஹாம் ஊர் முர்ரேக்குப் போனது.

சாண்டோ இறந்தது 1925இல். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை ஆய்வகத்தில் செய்யக் கற்றுக்கொண்டது 1935இல். ஆக, அவர் கை ஊசியில் வந்த கை இல்லை. வருடக்கணக்கான உழைப்பில் வந்தது.

அடுத்து, குமாஸ்தா புத்தியில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். கையின் குறுக்குவெட்டுப் பரப்பு நூற்றுக்கு 9 பங்கு கூடினாலும், 12 அங்குலச் சுற்றளவு ஏறத்தாழ பன்னிரண்டரைதான் ஆகும். டேப் கொஞ்சமாகத்தான் காட்டும். முதல் சில வாரங்களில் கூடும் பலமும் பெரும்பாலும் நரம்புகள் வேலை பழகுவதால் வருவது. தசை பெருக்க மாதங்கள் வேண்டும்.

நம் வயதுக்காரர்களுக்கும் இதில் சேதி உண்டு. 1990இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், 90 வயதை ஒட்டிய முதியவர்களுக்கு 8 வாரம் காலுக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். தொடைத் தசையின் பரப்பு கூடியது 9 சதவீதம்தான். பலம் கூடியதோ சராசரியாக 174 சதவீதம்!

பேரன் ஊசிப் பேச்சை விட்டுவிட்டான். மாதம் ஒருமுறை, கையைத் தளர்த்தி அளப்பது என்று ஒப்பந்தம். நானும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு காலையில் இரண்டு தண்ணீர் பாட்டில்களைத் தூக்கி இறக்குகிறேன். என் கையை அளப்பதில்லை. மாடிச் செடிகளுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் வாளியை நடுப்படியில் இறக்கி வைக்காமல் மேலே போனால் எனக்கு அது போதும்.