பஸ் ஸ்டாப் இருக்கு, பஸ் எங்கே? தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் என்ன நடக்கிறது?

வடக்கு தாய்லாந்தின் பெரிய நகரம் சியாங் மாய். இங்குள்ள பல பஸ் நிழற்குடைகள் பெரும்பாலும் காலியாகவே கிடக்கின்றன. என்ன காரணம்?

இங்கே மக்களின் வண்டி 'சோங்தேவ்'. பிக்கப் வேனின் பின்புறம் கூரை போட்டு, எதிரெதிரே இரண்டு நீள சீட். பெயருக்கே 'இரண்டு வரிசை' என்றுதான் அர்த்தம். நகருக்குள் ஓடுபவை சிவப்பு நிறம். தெருவில் எங்கே நின்று கை காட்டினாலும் நிற்கும். வழி ஒத்துவந்தால் டிரைவர் ஏற்றிக்கொள்வார். அப்புறம் ஸ்டாப் எதற்கு?

2018-ல் ஏசி டவுன் பஸ்கள் வந்தன. கொரோனா காலத்தில் அந்தச் சேவையும் நின்றது.

பைக் இருப்பவர்களுக்குக் கவலையில்லை. பைக் ஓட்ட முடியாத முதியவர்களுக்குத்தான் சிக்கல்: சோங்தேவுக்கு நேர அட்டவணை கிடையாது, வழி மாறினால் கட்டணமும் பேரம்தான். பஸ் வராத ஸ்டாப் அவர்களுக்கு வெறும் நிழல்தான்.