கடுகண்ணாவைக் குகைவழியும் சப்பிரகமுவை இழந்த பாதையும்

ஒரு நாட்டின் வரலாற்றை அரசர்தம் பெயர்களில் மட்டுமன்றி, அதன் பாதைகளிலும் படிக்கலாம். பாதை திறந்த நாளை நினைவுச் சின்னங்கள் கூறும். பாதை அடைபட்ட நாளில் துன்புற்றோர் யாவர் என்பதை அவை கூறுவதில்லை. சப்பிரகமுவைத் தோட்டப்புறங்களின் போக்குவரத்து வரலாற்றை இவ்விரண்டாவது நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

கேகாலை மாவட்டத்து மாவனல்லையைக் கடந்து கண்டிக்கு ஏறும் வீதி, கடுகண்ணாவைக் கணவாயில் ஒரு பெரும் பாறையை எதிர்கொள்கின்றது. 1815 இல் கண்டி இராச்சியத்தைக் கைப்பற்றிய பிரித்தானியர், அதனைக் கட்டியாள வீதியே வேண்டும் என உணர்ந்தனர். 1820களில் தேசாதிபதி எட்வேட் பாண்சின் ஆட்சியில், கப்டன் டோசனின் மேற்பார்வையில் அப்பாறை குடையப்பட்டது. மலையைத் துளைத்து வருபவனுக்கே கண்டி பணியும் என்றொரு மரபுக் கதையும் இதனோடு இணைத்துப் பேசப்படுவதுண்டு. அக்கால வீதி வேலைகளில் இராசகாரிய முறையின்கீழ் குடிமக்கள் கட்டாயமாக ஈடுபடுத்தப்பட்டனர். 1829 இல் மறைந்த டோசனுக்கு 1832 இல் 125 அடி உயரக் கோபுரம் எழுந்தது. பாறையை உடைத்த கைகளுக்கு அத்தகைய கோபுரம் எழவில்லை.

மாட்டுவண்டிக்கும் குதிரை வண்டிக்கும் போதுமாயிருந்த அத்துளை, லொறிக்கும் பஸ்சுக்கும் போதவில்லை. எனவே பிற்காலத்தில் வீதி பாறையைச் சுற்றிச் செல்லலாயிற்று. குகைவழி நினைவுச் சின்னமாய் எஞ்சியது. இதற்கிடையே, 1867 இல் கண்டியை எட்டிய புகையிரதப் பாதை, றம்புக்கனைக்கு அப்பால் பல சுரங்கங்களைக் கடந்து அதே மலையில் ஏறியது. ஒரு மலைக்கு இரு வழிகள் உண்டாயின.

இரண்டாவது வழியின் அருமை விபத்து நேரும்போதுதான் தெரியும். குறுகிய வழியில் நேரும் விபத்து இருமுறை காயப்படுத்துகின்றது. முதலில் மோதுண்டவர் காயமுறுகின்றனர். பின்னர், பின்னால் தேங்கிய வாகனங்கள் வைத்திய வண்டிக்கும் வழிவிட இயலாது நிற்பதால், உயிர் காக்கும் நேரம் வீணாகின்றது. சுரங்கத்தில் புகையும் வெப்பமும் சேர்ந்துகொள்கின்றன. காயமுற்றோரை அகற்றி, சிதைந்த வாகனங்களை இழுத்து, சுவரையும் கூரையையும் சோதித்த பின்னரே போக்குவரத்து மீளலாம்.

ஐரோப்பிய அனுபவம் இதனைத் தெளிவாக்கும். 1999 மார்ச்சில் பிரான்சையும் இத்தாலியையும் இணைக்கும் மொன் பிளாங்க் சுரங்கத்தில் ஒரு லொறி தீப்பற்றியதில் 39 பேர் மாண்டனர். அங்கு மக்கள் தப்பிச் செல்லத்தக்க இணைச் சுரங்கம் இருக்கவில்லை. அவ்வழி மீளத் திறக்க ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் சென்றன. 2001 ஒக்டோபரில் சுவிற்சர்லாந்தின் கொட்ஹார்ட் சுரங்கத்தில் இரு லொறிகள் மோதித் தீப்பற்றியபோது 11 பேர் உயிரிழந்தனர். ஆயினும் பக்கத்தே அமைந்த பாதுகாப்புச் சுரங்கத்தின் வழியே பலர் தப்பினர். இரு தீக்களின் அளவும் தன்மையும் வேறு எனினும், மாற்றுவழி உயிர் காத்தது என்பது மறுக்கவொண்ணாதது.

இவ்வுரைகல்லில் சப்பிரகமுவையை உரைத்துப் பார்ப்போம். இறப்பரும் தேயிலையும் செழித்த களனிப் பள்ளத்தாக்கில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிறுபாதைப் புகையிரதம் ஓடத் தொடங்கியது. ஒரு கிளை அவிசாவளையிலிருந்து எட்டியாந்தோட்டைக்குச் சென்றது. மற்றொன்று 1912 இல் இரத்தினபுரியையும் 1919 இல் ஓப்பநாயக்கவையும் அடைந்தது. தோட்டத்துரைமாரின் விளைபொருளுக்காக இட்ட பாதையாயினும், தொழிலாளருக்கும் அது வழியாயிற்று. எட்டியாந்தோட்டைக் கிளை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அகற்றப்பட்டது. அவிசாவளைக்கு அப்பால் எஞ்சிய பகுதி 1970களில் மூடப்பட்டது. அன்று முதல் இப்பகுதித் தோட்டங்களின் பெரும் போக்குவரத்து முழுதும் வீதியையே நம்பியது.

சுரங்கத்திற்குக் கற்சுவர் கட்டாயமன்று. ஒருபுறம் மலையும் மறுபுறம் பள்ளமுமாக, வேறு வழியற்றுச் செல்லும் தோட்டப் பாதையும் சுரங்கமே. அங்கு ஒரு லொறி கவிழ்ந்தாலும் மண் சரிந்தாலும் லயனில் நோயுற்றவள் கரவனல்லை வைத்தியசாலையை அடைவது எவ்வாறு? மூடப்பட்ட புகையிரதத்தின் வரவு செலவைக் கணக்கிட்டவர்கள் இக்கேள்வியையும் கணக்கில் சேர்த்திருத்தல் வேண்டும். பாதையின் பெருமை அது திறந்திருக்கும் நாளின் வேகத்தில் இல்லை. அடைபடும் நாளில் அது விட்டுவைக்கும் மற்றொரு வழியிலேயே உள்ளது.