டிரிங்கோமலி போர்க்கப்பலும் அதன் அளவு மாதிரியும்: சான்று நோக்கில் ஓர் ஆய்வு

வரலாற்றுக் கப்பலின் அளவு மாதிரி அலங்காரப் பொருளா, ஆய்வுச் சான்றா? ‘எச்.எம்.எஸ். டிரிங்கோமலி’ என்னும் பாய்மரப் போர்க்கப்பலை முன்வைத்து இவ்வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

திருகோணமலையின் பெயர் தாங்கிய இக்கப்பல், பம்பாயில் வாடியா குடும்பத்தைச் சேர்ந்த ஜம்ஷெட்ஜி பொமன்ஜியின் பொறுப்பில் மலபார்த் தேக்கினால் கட்டப்பட்டு, 1817 அக்டோபர் 12 அன்று நீரில் இறக்கப்பட்டது. 1812இல் இதன் வரைபடங்களுடன் இந்தியா நோக்கி வந்த ‘ஜாவா’ கப்பல் பிரேசில் கடற்பகுதியில் அமெரிக்கரிடம் வீழ்ந்தமையால், வரைபடங்கள் மீண்டும் அனுப்பப்பட்டன. 46 பீரங்கிகளுக்கென அமைந்த கப்பல் 1840களில் 26 பீரங்கிகள் கொண்டதாக மாற்றப்பட்டது; பின்னர்ப் பயிற்சிக் கப்பலாயிற்று; இன்று இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் புதுப்பிக்கப்பட்ட நிலையில் மிதக்கிறது.

ஆகவே ஒரே கப்பலுக்குப் பல வடிவங்கள் உள. அவற்றைக் கலந்து அமைக்கும் மாதிரி, எக்காலத்தும் இருந்திராத கப்பலையே காட்டும். அளவும் அத்துணை முதன்மையானது. 48இல் ஒரு பங்கு என்னும் அளவில், ஏறத்தாழ 150 அடி நீளமுள்ள பீரங்கித் தளம் 95 செ.மீ. ஆகச் சுருங்கும், அதில் நேரும் 3 மி.மீ. பிழை மூலத்தில் 14 செ.மீ.க்கும் மேலாகும்.

சேலம் மாவட்டத் தம்மம்பட்டி மரச்சிற்பிகள் தாலக் கணக்கின்படி தெய்வ உருவங்களைச் செதுக்குகின்றனர். அங்கு அளவு இலக்கணத்திலிருந்து பிறக்கிறது. கப்பல் மாதிரியிலோ குறிப்பிட்ட ஒரு பொருளிலிருந்து பிறக்கிறது. இவ்வகையில் மாதிரியாளரின் பணி சுவடிப் பதிப்பாசிரியரின் பணியை ஒத்தது. பதிப்பாசிரியர் பாடவேறுபாடுகளைக் குறிப்பதுபோல, மாதிரியாளரும் தாம் காட்டும் ஆண்டையும், வரைபடத்தால் உறுதிப்பட்ட பகுதிகளையும், ஊகத்தால் நிரப்பியவற்றையும் பிரித்துப் பதிவுசெய்தல் வேண்டும். அப்பதிவுடைய மாதிரியே சான்றாகும். ஏனையது அழகிய பொம்மையாகவே எஞ்சும்.