கண்ணிழந்த டோஜும் ஊரிழந்த அறிஞரும்

வெனிஸ் நகரின் புனித மாற்கு தேவாலய முகப்பில் நான்கு குதிரைச் சிலைகள் நிற்கின்றன. அவை பிரதிகள், மூலச் சிலைகள் உள்ளே பேணப்படுகின்றன. கொன்ஸ்தாந்திநோபிளிலிருந்து அவை கொள்ளையாக வந்த வரலாறு என்றிக்கோ தந்தோலோ என்பவரோடு பிணைந்தது.

வெனிஸ் மன்னரற்ற கடல் வணிகக் குடியரசு. அதன் தலைவரை டோஜ் என்பர். 1192இல் தந்தோலோ அப்பதவிக்குத் தெரிவானபோது முதியவர், கண்பார்வையையும் இழந்தவர். நகரத்தாருக்கு அவர் அளித்த உறுதிமொழிப் பத்திரம் இன்றும் உள்ளது. அவரது ஆட்சியில் வெளியான குரோசோ வெள்ளி நாணயம் மத்தியதரைக் கடல் வர்த்தகத்தில் பெருமதிப்புப் பெற்றது.

1201இல் சிலுவைப் போர் வீரர் 33,500 பேரை ஏற்றிச் செல்லக் கப்பல்கள் கட்டித்தர வெனிஸ் உடன்பட்டது. கட்டணம் 85,000 வெள்ளி மார்க். வெனிஸ் தன் வணிகத்தை ஒதுக்கிவைத்துக் கப்பல்களைக் கட்டியது. வந்து சேர்ந்தோரோ ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினரே. 34,000 மார்க் கடனாக நின்றது. கடனுக்குத் தவணை தந்த தந்தோலோ, அதற்கு ஈடாகச் சாரா நகரைப் பிடித்துத் தரும்படி கேட்டார். பாப்பரசரின் தடையையும் மீறி, 1202இல் அக்கிறிஸ்தவ நகர் வீழ்ந்தது.

அடுத்து, பெருந்தொகை தருவதாகக் கூறிய பைசாந்திய இளவரசனை அரியணை ஏற்றப் படை கொன்ஸ்தாந்திநோபிள் சென்றது. வாக்களித்த பணம் முழுமையாகக் கிட்டவில்லை. 1204 ஏப்ரலில் மாநகர் மூன்று நாள் சூறையாடப்பட்டது. பேரரசின் எட்டில் மூன்று பங்கு வெனிசுக்கு என வகுக்கப்பட்டது. 1205இல் இறந்த தந்தோலோ அந்நகரின் ஹாகியா சோபியாவிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அதே ஏப்ரலில் நிக்கேத்தாஸ் கொனியாத்தேஸ் என்னும் அறிஞர் கர்ப்பிணி மனைவியோடும் பிள்ளைகளோடும் நகரை விட்டு நடந்தார். முன்னர் அவரிடம் அடைக்கலம் பெற்ற வெனிஸ் வணிகர் ஒருவரே, படைவீரர் வேடம் பூண்டு அக்குடும்பத்தைக் காத்தார். வழியில் நாட்டுப்புறத்தார் சிலர், வறியராகி வந்த நகரத்தாரை எள்ளி நகைத்தனர். பின்னர் நைசீயாவில் அகதியாய் வாழ்ந்த அவர், கண்டதையெல்லாம் தம் வரலாற்று நூலில் எழுதி வைத்தார்.

வென்ற படையிலும் வரலாறு எழுதினோர் இருந்தனர். எனினும் வீடிழந்தோர் பட்ட பாட்டையும், பகைவர் படையின் இனத்தவரிலும் நன்றி மறவாதவர் ஒருவர் இருந்ததையும் நாம் அறிவது கொனியாத்தேஸின் ஏட்டினாலேயே. எமது பிள்ளைகள் அக்குதிரைகளைக் காண நேரின், இவ்விருவர் பெயரையும் சேர்த்தே சொல்லிக்கொடுப்போம்.