ஸ்டாண்டர்டு ஹெரால்டு, கசெல்: அடிச்சட்ட வேறுபாடுகள்

ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்பது சென்னையிலிருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1961 முதல் தயாரித்த கார் ஆகும். இது இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டு காரின் இந்திய வடிவம். 1972இல் இதன் வழிவந்த ஸ்டாண்டர்டு கசெல் அறிமுகமாகி, 1977 வரை தயாரிக்கப்பட்டது. இரண்டிலும் 948 சிசி எஞ்சின்தான். ஆனால் பின்சக்கரங்களை வண்டியோடு இணைக்கும் அமைப்பில் இரண்டும் முற்றிலும் வேறானவை. இன்று பழைய கார்களை வாங்குவோரும் செப்பனிடுவோரும் அதிகம் குழம்புவது இந்த இடத்தில்தான்.

தனிச் சட்டம் வந்த கதை

ஹெரால்டுக்கு முன் இதே நிறுவனம் தயாரித்த ஸ்டாண்டர்டு 10 காரில் தனி அடிச்சட்டம் கிடையாது. உடலும் சட்டமும் ஒன்றாகவே அமைந்திருந்தன. 1959இல் இங்கிலாந்தில் வெளிவந்த ஹெரால்டோ பழைய முறைக்குத் திரும்பியது. இது பார்வைக்குப் பின்னோக்கிய அடி போலத் தோன்றலாம். காரணம் வியாபாரப் போட்டி. டிரையம்புக்குக் கார் உடல்களைச் செய்து தந்த ஃபிஷர் அண்டு லட்லோ நிறுவனத்தைப் போட்டி நிறுவனமான பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் 1953இல் வாங்கிவிட்டது. முழு உடலையும் ஒரே இடத்தில் செய்து வாங்க வழியில்லாமல், துண்டு துண்டாகச் செய்த உடல் பகுதிகளைத் தனிச் சட்டத்தின் மேல் போல்ட்டு போட்டு முடுக்கும் முறையை டிரையம்ப் தேர்ந்தது. வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலோட்டி.

இந்த முறையால் இந்தியாவுக்கு ஒரு வசதி கிடைத்தது. சட்டத்தின் மேல் வேறு உடலை ஏற்றுவது எளிது. இங்கிலாந்தில் நான்கு கதவு ஹெரால்டு என்றுமே தயாராகவில்லை. சென்னையில் 1960களின் பிற்பகுதியில் அது வந்தது.

ஹெரால்டின் பின்பகுதி

ஹெரால்டில் டிஃபரன்ஷியல் பெட்டி, அடிச்சட்டத்தோடு போல்ட்டுகளால் பிணைக்கப்பட்டு அசையாமல் நிற்கும். அதன் தலையில் குறுக்காக ஒரே ஒரு ஸ்பிரிங் பட்டை அமர்ந்திருக்கும். அதன் இரு முனைகளும் இரு சக்கரங்களைத் தாங்கும். பெட்டியின் இருபுறமும் ஒவ்வொரு அரை அச்சு, உட்புற முனையில் மட்டும் ஒரு மூட்டோடு, கதவு கீலில் ஆடுவது போல மேலும் கீழும் ஆடும். இதை ஊசல் அச்சு எனலாம். பட்டறைகளில் சுவிங் ஆக்சில்.

இதனால் ஒவ்வொரு பின்சக்கரமும் தனித்தனியே மேடு பள்ளம் ஏறி இறங்கியது. ஆனால் சக்கரம் ஏறி இறங்கும்போது அதன் சாய்வும் மாறும். ஆள் நிறைய ஏறினால் இரு சக்கரங்களின் மேல்விளிம்பும் உள்நோக்கிச் சாய்ந்து, வண்டி காலை அகட்டி நிற்கும்; டயரின் உள்விளிம்பு சீக்கிரம் தேயும். வேகமாக வளைவில் திரும்பினாலோ, வெளிப்பக்கச் சக்கரம் அடியில் மடங்கிப் பிடிப்பை இழக்கும் அபாயம் உண்டு. நம் ஊரில் காரில் எத்தனை பேர் ஏறுவார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அம்பாசடர், ஃபியட் ஆகியவற்றின் ஒரே நீள அச்சோடு பழகிய மெக்கானிக்குகளுக்கும் இந்த அமைப்பின் மீது நம்பிக்கை பிறக்கவில்லை.

ஒரே குறை, இரண்டு தீர்வுகள்

ஹெரால்டு சட்டத்தின் வழியில் பிறந்த ஸ்பிட்ஃபயர் காரில் இங்கிலாந்துப் பொறியாளர்கள் ஊசல் அச்சைக் கைவிடவில்லை. 1970இல் வந்த நான்காம் மார்க்கில், குறுக்குப் பட்டை நடுவில் அசைந்து கொடுக்குமாறு மாற்றி ஆபத்தைக் குறைத்தனர். சென்னை, கசெலில் ஊசல் அச்சையே அகற்றிவிட்டு, இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே அச்சைப் பொருத்தியது. தொழில்நுட்பக் கணக்கில் இது பழைய முறைதான். ஆனால் வாங்குபவருக்கும் பழுது பார்ப்பவருக்கும் நன்கு தெரிந்த முறை.

அடையாளம் காணுதல்

உடல் போல்ட்டில் நிற்பதால், மேலே தெரியும் பெயர்ப்பட்டையை மட்டும் நம்ப முடியாது. பின்னால் குனிந்து பார்க்க வேண்டும். சட்டத்தில் பிணைத்த சிறு பெட்டியும், அதன்மேல் குறுக்குப் பட்டையும், இருபுறமும் தனித்தனி அரை அச்சும் இருந்தால் ஹெரால்டு அமைப்பு. சக்கரத்திலிருந்து சக்கரம் வரை ஒரே உறை ஓடி, நடுவிலுள்ள டிஃபரன்ஷியலும் சக்கரங்களோடு ஏறி இறங்கினால் கசெல் அமைப்பு. வெளிச்சம் போதாவிட்டால், அடிச்சட்டத்தில் ஜாக்கி வைத்து வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கினால் போதும்: ஹெரால்டின் சக்கரங்கள் அடிவிளிம்பு உள்ளே மடங்கியபடி தொங்கும், கசெலில் நிமிர்ந்தே நிற்கும்.

இங்கிலாந்தில் ஹெரால்டுக்கான உதிரிகள் இன்றும் புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. அவற்றுள் குறுக்குப் பட்டை, அரை அச்சு முதலிய பின்பக்க உதிரிகள் கசெலுக்குப் பயன்படா. ஒன்றின் உடலை மற்றதன் சட்டத்தில் ஏற்றிய வண்டியை வாங்குவோர் பதிவுச் சான்றையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சட்டப்படி வண்டியின் அடையாளம் சேஸ் எண்ணே. தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றியமைப்பதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது.