அறமன்றில் ஓர் ஆராதனை

கிறித்தவர் வழிபாட்டில் மிகுதியாக ஒலிக்குஞ் சொற்களுள் ‘மகிமை’ என்பது ஒன்று. மணியோசையும் மெழுகுத்திரி ஒளியும் இசைப்பாடலும் சூழ்ந்த ஆலயத்தினுள்ளேயே அச்சொல்லுக்கு உயிர் உண்டு என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் அச்சொல்லின் வரலாறு வேறு வகையாகப் பேசுகிறது. கொரிந்து நகரத்துக் கிறித்தவருக்குத் தூய பவுல் எழுதிய முதல் திருமுகத்தில் அது கடைத்தெருவினின்றே எழுகின்றது. சிலைகளுக்குப் படைக்கப்பெற்ற இறைச்சி சந்தையில் விற்கப்பட்டால் அதனை வாங்கி உண்ணலாமா என்பதே அம்மக்களின் ஐயம். உண்பதும் பருகுவதும் உட்பட எச்செயலையும் இறைவன் மாட்சிக்கெனச் செய்யவேண்டும் என்று விடை கூறுகிறார் பவுல். அடுக்களைக்கும் அருட்கோயிலுக்கும் இடையே நின்ற சுவர் அன்றே இடிந்தது எனலாம்.

ஆறாம் நூற்றாண்டில் இத்தாலி நாட்டு மோந்தே கசீனோ மலைமேல் வாழ்ந்த புனித பெனடிக்ட், தம் துறவியர்க்கென வகுத்த ஒழுங்கு நூலில் இக்கருத்தை நடைமுறைக்குக் கொணர்ந்தார். மடத்தின் பண்டசாலைக்குப் பொறுப்பாளர் அங்குள்ள கலங்களையெல்லாம் பலிபீடத்துப் பாத்திரங்களைப் போலப் போற்றவேண்டும் என்பது ஒரு விதி. மடத்துக் கைவினைஞர் செய்த பொருள்களை வெளியார் விற்கும் விலையினும் சற்றுக் குறைத்தே விற்கவேண்டும், பேராசை புகுதலாகாது என்பது மற்றொரு விதி. இறைவன் எல்லாவற்றிலும் மாட்சி பெறவேண்டும் என்னும் குறிக்கோளை அவர் வைத்திருப்பது, வியப்பாக, இந்த விலை நிர்ணயப் பகுதியின் முடிவிலேதான்! பதினாறாம் நூற்றாண்டில் செருமானிய நாட்டு மார்ட்டின் லூதர், மடத்தின் மதிலையும் கடந்து, செருப்புத் தைப்பவரும் வீட்டுப் பணிப்பெண்ணும் செய்யும் தொழில் இறைவன் தந்த அழைப்பே என்று உரைத்தார். லூதரின் வழிவந்த இசைமேதை பாக், ‘மாட்சி இறைவனுக்கே’ என்னும் பொருள்தரும் மூன்று இலத்தீன் எழுத்துகளைத் தம் இசைச்சுவடிகள் பலவற்றின் இறுதியில் எழுதி வைத்தார்.

இனி நம் தமிழகத்திற்கு வருவோம். இக்கோட்பாட்டிற்கு இலக்கியமாய் வாழ்ந்தவர் யாவர் என்று வினவினால், மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளையையே நான் முதற்கண் குறிப்பேன். தமிழின் முதல் நாவலாசிரியர் என்னும் பட்டம் அவருக்குப் பெரும்புகழ் தந்தது உண்மை. அப்பட்டமே அவருடைய வாழ்வின் பிற பக்கங்களை மறைத்துவிட்டது என்பதும் உண்மை.

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் 1826இல் கத்தோலிக்கக் குடும்பமொன்றில் பிறந்தவர் அவர். நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் பணியாற்றிப் பின்னர் 1857இல் தரங்கம்பாடியில் முன்சீப்பானார். சீகன்பால்கு 1706இல் வந்திறங்கிய, லூதர் வழியினரின் அச்சுக்கூடம் விளங்கிய ஊர் அது. அவ்வூர் நீதிபீடத்தில் கத்தோலிக்கர் ஒருவர் அமர்ந்தது காலத்தின் இனிய விளையாட்டு.

பீடமேறி இரண்டாண்டுகளில், 1859இல், அவர் வெளியிட்ட நூல் நீதிநூல். அதில் கைக்கூலியைக் கண்டிக்கும் பகுதி அழுத்தமானது. கவிச்சுவை குன்றிய அறவுரைச் செய்யுள்கள் என்று அந்நூலைக் குறை கூறுவோர் உளர். அக்குறையை முற்றிலும் மறுப்பதற்கில்லை. ஆயினும் எழுதியவர் யார் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கையூட்டு நாள்தோறும் கதவைத் தட்டும் பதவியில் அமர்ந்திருந்தவர், கையூட்டு வாங்குவோரைத் தம் பெயரிட்ட நூலில் இடித்துரைத்தார். வழக்காளிகளும் வழக்கறிஞர்களும் அச்செய்யுள்களைக் கையில் வைத்துக்கொண்டு அவருடைய தீர்ப்புகளை நிறுத்துப் பார்த்திருக்க முடியும். தம்மைத் தாமே சாட்சிக் கூண்டில் நிறுத்திக்கொண்ட நீதிபதி அவர்!

அவருடைய அருந்தொண்டு மற்றொன்று உண்டு. சென்னைச் சதர் நீதிமன்றம் 1805 முதல் 1861 வரை வழங்கிய தீர்ப்புகளைத் திரட்டித் தமிழாக்கி, ‘சித்தாந்த சங்கிரகம்’ என்னும் பெயரால் 1862இல் வெளியிட்டார். ஆங்கிலம் அறியாத உழவனுடைய நிலத்தைப் பற்றிய தீர்ப்பு ஆங்கிலத்திலேயே முடங்கிக் கிடந்தால், அவன் பெற்றது நீதியா, நீதியின் வதந்தியா? இவ்வினா அவரை வாழ்நாளெல்லாம் வருத்தியது. 1879இல் வெளிவந்த ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ கதையினூடே, தமிழறிந்த நீதிபதியின் முன்னர்த் தமிழறிந்த வழக்கறிஞர் ஆங்கிலத்தில் வாதிடும் விந்தையை நகைச்சுவையோடு சாடுகிறார். கீழமை நீதிமன்றங்களில் தமிழுக்கு வழிசெய்த சட்டத்திருத்தம் 1976இல்தான் வந்தது. இடையில் கழிந்தவை 97 ஆண்டுகள். பிறமொழி மாநிலங்களில் அலுவலகப் படிவத்தின் முன் திகைத்து நின்ற நம்மவர்க்கு அவருடைய வருத்தம் எளிதில் விளங்கும்.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியது, இலட்சக்கணக்கானோர் மாண்டனர். அக்காலத்தில் வேதநாயகர் நீதிபதிப் பதவியில் இல்லை. எனினும் தம் கைப்பொருளைச் செலவிட்டுக் கஞ்சி வார்த்துப் பசித்தோரைக் காத்தார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் இதனைக் கண்டு உள்ளம் நெகிழ்ந்து அவரைப் போற்றிக் கீர்த்தனை ஒன்று பாடினார். சைவப் பெரியார் ஒருவர் கத்தோலிக்கரைப் பாடிய அந்நிகழ்ச்சி நம் இலக்கிய வரலாற்றின் பொன்னேடு. நற்செயல்களைக் காண்போர் விண்ணகத் தந்தையைப் போற்றவேண்டும் என்பது இயேசுபெருமானின் மலைப்பொழிவு தரும் கருத்து. பாரதியாரோ மனிதரைப் பாடினார். கஞ்சி பெற்று உயிர் பிழைத்தவனும் முதலில் மனிதரைத்தான் கும்பிடுவான். அதில் பிழையில்லை. ஆனால் அப்புகழைத் தம்மிடமே நிறுத்திக்கொள்வதா என்பதே கொடையாளிக்கு வரும் சோதனை.

வேதநாயகர் என் செய்தார்? 1878இல் அவர் வெளியிட்ட ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’யில் பஞ்சத்தைப் பற்றிய பாடல்கள் உள்ளன. அவற்றில் கஞ்சி வார்த்தவர் எங்குமில்லை. இறைவனையன்றி வேறு புகலில்லை என்று பசித்தோருடன் கைகூப்பி நிற்கும் எளியவர் ஒருவரே இருக்கிறார். தேவமாதாவின் மீது அந்தாதி பாடிய அப்பக்தர், இக்கீர்த்தனைகளில் எச்சமயத்துக் கடவுளின் பெயரையும் வைத்தாரில்லை. பஞ்சம் சமயம் பார்த்து வரவில்லை. ஆதலின் விண்ணப்பமும் அவ்வாறே அமைந்தது போலும்.

1889இல் அவர் மறைந்தார். அவருடைய கீர்த்தனைகளைப் பிற சமயத்து இசைவாணர்களும் கச்சேரிகளில் பாடி வந்துள்ளனர். சபை மண்டபங்களில் அவற்றைக் கேட்டுத் தலையசைப்போருள், இயற்றியவர் ஒரு கிறித்தவ நீதிபதி என்பதை அறியாதாரும் உளர்.